துணிக் கிளிப்பில் கட்டிய மழை மணி

எங்கள் விடுதியின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுத்தவளை எல்லோரும் அரைத்தூக்கம் என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. இந்தப் பெயரை வைத்தவர் அவள் கணவர். கல்யாணமான முதல் வாரத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீயை அணைத்து, தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்ததாம். இவள் பக்கத்திலேயே நின்றபடி, எதிர்வீட்டுக் கொடியில் ஒரு சட்டை காற்றில் கையாட்டுவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாளாம். "கண்ணு திறந்திருக்கு, ஆளு உள்ள இல்ல" என்று அவர் சொல்லிச் சிரிக்க, பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள்.

நான் விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன். காலையில் அழுக்கு மூட்டையைக் கொடுப்பதும் மாலையில் மடித்த விரிப்புகளை வாங்கி அடுக்குவதும் என் பொறுப்பு. அப்படித்தான் பழக்கம். அவள் வீடு இரண்டு தெரு தள்ளி, மூன்று மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில். ஒரு கூடம், இரண்டு சின்ன அறைகள், கடைசியில் சமையலறை. சமையலறையின் பின்கதவைத் திறந்தால் துவைக்கும் இயந்திரம், அதற்கு அந்தப் பக்கம் பதினான்கு படிகள், மேலே மொட்டை மாடி. அங்கே ஒன்பது வரிசைக் கயிறு. முப்பது நாற்பது வெள்ளை விரிப்புகளைக் காயப்போட்டுவிட்டால் மாடியே தெரியாது. வெள்ளைச் சந்துகள்தான் தெரியும். நடுவில் நின்றால் வெயில் துணி வழியாக வடிந்து, பாலுக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். நானே இரண்டு மூன்று தடவை நின்றிருக்கிறேன்.

அவள் கணவர் பஸ் டிரைவர். விடிவதற்கு முன் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவார். நாள் முழுக்க ஹாரன் சத்தத்தில் உட்கார்ந்திருப்பதால் அவருக்குத் தலைவலி நிரந்தரம். சட்டைப்பையில் எப்போதும் மாத்திரைப் பட்டை இருக்கும். வீட்டில் பகலில் இருப்பது இவளும் இவளுடைய நாத்தனாரும். டிரைவருக்கு மூத்தவர், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருஷம் வார்டு மேற்பார்வை பார்த்தவர். புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டார். நிமிர்ந்த முதுகு, இறுக்கிய கொண்டை, அளந்த பேச்சு. வந்து நாலு வருஷத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. முட்டிவலி என்று மாடிப் பக்கமே போக மாட்டார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் சத்தமில்லாமல் வாழ்ந்தார்கள். சண்டை கிடையாது, பேச்சும் கிடையாது.

விரிப்புகளைக் காயப்போட்ட பிறகு மதியத்தில் அவளுக்கு ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். சமையலறை ஜன்னலருகே ஒரு முக்காலியைப் போட்டு, கம்பியில் கன்னத்தைச் சாய்த்து உட்காருவாள். அப்போது அவள் எங்கே போவாள் என்று கேட்டிருக்கிறேன். "எங்கயும் போகலையே. இங்கதான் இருந்தேன்" என்பாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா திரும்பி வர கொஞ்சம் நேரமாகும்" என்பாள்.

ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது மழை வந்தது. எதிர்க் கட்டடத்தின் தகரக் கூரையில் முதலில் ஒரு புள்ளி, பிறகு நாலு, பிறகு கூரை முழுக்கக் கறுத்தது. தகரத்தின் வரிகளில் தண்ணீர் இறங்கி ஓரத்தில் மணி மணியாகச் சொட்டுவதை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எவ்வளவு அழகு என்று நினைத்தாள். இன்னும் வேகமாகப் பெய்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாளாம். கால் மணி நேரம் கழித்துத்தான், மழை தன் தலைக்கு மேலும் பெய்கிறது, அங்கே முப்பத்தாறு விரிப்புகள் இருக்கின்றன என்பது உறைத்தது.

அன்று விடுதி நிறைந்திருந்தது. பாதிக் கட்டில்களுக்கு விரிப்பு இல்லை. விருந்தாளிகள் என் மேசையைச் சுற்றி நின்று கத்தினார்கள். மேலாளர் அவளைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, வேற இடத்துல கொடுத்துக்கறேம்மா. தப்பா நினைக்காதே" என்றார். கத்தாமல் சொன்னதுதான் அவளுக்கு வலித்தது. திட்டியிருந்தால் கனவில் கேட்ட மாதிரி விட்டிருப்பேன் என்றாள் என்னிடம்.

அந்த வாரத்திலேயே வீட்டு டார்ச் கீழே விழுந்து சுவிட்ச் தெறித்துவிட்டது. மேசையில் எல்லாவற்றையும் கொட்டி வைத்துப் பார்த்தாள். இரண்டு பேட்டரி, ஒரு சுருள் கம்பி, ஒரு பல்பு. இவ்வளவுதானா என்று இருந்தது. பேட்டரிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, முனையில் பல்பை நிறுத்திப் பிடித்தாள். எரியவில்லை. அடியிலிருந்து பல்பின் கழுத்து வரைக்கும் ஏதோ போய்ச் சேர வேண்டும் என்று தோன்றியது. கைக்கு எட்டியது சாப்பாடு சுற்றுகிற அலுமினியத் தாள். ஒரு கீற்றைக் கிழித்து நாடா மாதிரி மடித்து, ஒரு நுனியை அடியில் அழுத்தி, மறு நுனியால் பல்பின் கழுத்தைத் தொட்டாள்.

பல்பு எரிந்தது.

எடுத்தால் அணைந்தது. தொட்டால் எரிந்தது. இடையில் ஒரு காகிதத்துண்டை நுழைத்தால் அணைந்தது. உருவினால் எரிந்தது. அன்று மதியம் முழுக்க இதையே செய்துகொண்டிருந்தாளாம். "ஒரு வட்டம் அது. எங்க விட்டுப்போனாலும் இருட்டு. சேர்ந்துட்டா வெளிச்சம். யாரும் எனக்கு இதைச் சொன்னதே இல்லையே" என்று மறுநாள் என் மேசையில் கைவைத்துச் சொன்னாள். நாற்பத்தோரு வயதில் அவள் முகத்தில் அப்படி ஒரு விழிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மழைக்கு ஒரு மணி கட்ட வேண்டும் என்ற எண்ணம் எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது. முதலில் மழைத் தண்ணீரே மின்சாரத்தைக் கொண்டுபோகும் என்று நம்பினாள். ஒரு தட்டில் இரண்டு அலுமினியக் கீற்றுகளைக் கொஞ்சம் இடைவெளி விட்டு ஒட்டி, பேட்டரியையும் பல்பையும் சேர்த்து, இடைவெளியில் தண்ணீர் ஊற்றினாள். பல்பு சும்மா இருந்தது. உப்பு போட்டுப் பார்த்தாள். கண்ணை இடுக்கிப் பார்த்தால் உள்ளே ஒரு சிவப்பு மயிர் தெரிகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். மழை உப்புப் போட்டுக்கொண்டா வரப்போகிறது?

நாலைந்து நாள் கழித்து, கயிற்றில் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தபோது வழி தெரிந்தது. மரக் கிளிப்பை விரலால் அழுத்தினால் வாய் திறக்கும், விட்டால் மூடும். அதன் இரண்டு உதடுகளிலும் தனித்தனியாக அலுமினியத் தாளைச் சுற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு ஒயரைக் கட்டிவிட்டால் அதுதான் சுவிட்ச். உதடுகள் மூடாமலிருக்க நடுவில் ஏதாவது கடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஏதாவது மழையில் கரைய வேண்டும். தண்ணீர் எதையும் சுமக்க வேண்டாம். குறுக்கே இருப்பதைக் கரைத்தால் போதும்.

வீட்டிலிருந்த சாமான்களைத் திரட்டினாள். பழைய ரேடியோவின் ஒயர். இரண்டு பேட்டரி கச்சிதமாக உட்காருகிற சோப்பு டப்பா. பேட்டரியை இறுக்கிப் பிடிக்க, தீர்ந்துபோன பேனாக்களிலிருந்து இரண்டு ஸ்பிரிங். சத்தத்துக்கு, டிரைவர் இளவயதில் சைக்கிளில் மாட்டியிருந்த பேட்டரி ஹாரன். கிளிப்பை மாடிக் கைப்பிடிச்சுவர் மேல் ஒரு செங்கலில் கட்டினாள். ஒயரைப் படிச்சுவரோடு இறக்கி, சமையலறை அலமாரியில் ஹாரனை வைத்தாள். கிளிப்பின் வாயில் ஒரு சர்க்கரைக் கட்டி.

மூன்றாம் நாள், வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் ஹாரன் அலறியது. விழுந்தடித்து மேலே ஓடினாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கிளிப் வாய்மூடி உட்கார்ந்திருந்தது. செங்கலிலிருந்து சுவர் வழியாக எறும்பு வரிசை, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பொடி.

கீழே நாத்தனார் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். "என்ன அது?"

"எறும்பு அண்ணி. சர்க்கரையத் தூக்கிட்டுப் போயிடுச்சு."

"எறும்புக்கு விருந்தும் வச்சு, பந்திக்கு மணியும் அடிக்கிறியா?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டார். நாலு வருஷத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அது என்று அரைத்தூக்கம் சொன்னாள்.

அடுத்து உப்புக் கட்டி. எறும்பு தொடவில்லை. ஆனால் விடியற்காலைப் பனியில் அது தானாகவே இளகி, டிரைவர் பல் தேய்க்கும் நேரத்துக்கு ஹாரன் அடித்தது. "நான் பஸ்ஸுலதான் இதைக் கேக்கறேன், வீட்டுலயுமா?" என்று வாயில் நுரையோடு புலம்பினார். தலை பிடித்துக்கொள்ள, மாத்திரை ஒன்றை எடுத்து டம்ளரில் போட்டார். அது தண்ணீரில் பொரிந்து, புகை மாதிரி விரிந்து, நொடியில் காணாமல் போனது. இவள் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, இது பனியில கரையுமா?"

"மாத்திரை சாப்பிடறவனைப் பார்த்துக் கேக்கற கேள்வியா இது?"

பனியில் கரையவில்லை. எறும்பும் சீந்தவில்லை. பதினோரு நாள் கிளிப்பின் வாயில் அந்த வெள்ளை மாத்திரை அசையாமல் இருந்தது. பன்னிரண்டாம் நாள், அவள் முக்காலியில் உட்கார்ந்து எங்கோ போயிருந்தபோது ஹாரன் அடித்தது. மேலே போனால் நெற்றியில் ஒரு துளி. கொடியோடு கொடியாக உருவி உருவித் தோளில் போட்டு, நாலு நடையில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டாள். கடைசி விரிப்பு படியிறங்கிய பிறகுதான் மழை இறங்கியது. அன்று மாலை என்னிடம் மூட்டையைக் கொடுத்தபோது, "தொட்டுப் பாருங்க, தொட்டுப் பாருங்க" என்று முப்பத்தெட்டு விரிப்புகளையும் தொடவைத்தாள்.

அதற்குப் பிறகு கனவு காண அவளுக்குப் பயமே இல்லை. எவ்வளவு தூரம் போனாலும் கூப்பிட்டுக்கொள்ள ஆள் இருக்கிறது என்று, ஜன்னலோரத்தில் இன்னும் ஆழமாகப் போனாள்.

ஒன்றரை மாதம் போயிருக்கும். பளிச்சென்ற ஒரு மதியம் ஹாரன் மறுபடி அடித்தது. எறும்பு மாத்திரைக்கும் பழகிவிட்டதோ என்று நினைத்துக்கொண்டு, ஹாரனின் ஒயரைக் கழற்றிவிட்டு மெதுவாகத்தான் படியேறினாள். விரிப்புகள் அசையாமல் தொங்கின. எங்கேயோ யாரோ முனகுவது மாதிரி ஒரு பாட்டு கேட்டது. ஒரு சந்தைத் தாண்டி, இரண்டாவதைத் தாண்டி, மூன்றாவது விரிப்பை விலக்கினாள்.

நாத்தனார் நின்றிருந்தார். கொண்டை அவிழ்ந்து, இடுப்பு வரைக்கும் ஈர முடி. கைப்பிடிச்சுவர்ப் பக்கம் சாய்ந்து முடியைத் துண்டால் தட்டித் தட்டி உதறிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் துளிகள் வெயிலில் தெறித்து, செங்கலின் மேல் விழுந்தன. கண் மூடியிருந்தது. வாய் பாடிக்கொண்டிருந்தது. வெறுங்கால் ஒன்று தாளம் போட்டது. அந்த முட்டிவலிக் கால்தான்.

இவள் அசையவில்லை. பார்க்கக் கூடாததைப் பார்த்த மாதிரியும் இருந்தது, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலவும் இருந்தது. வெளிச்சம் துணிகளில் வடிந்து அவர் முகத்தில் விழுந்து, நாற்பது வருஷத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தது.

பாட்டு நின்றது. நாத்தனார் கண்ணைத் திறந்தார்.

"மழையா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணி. நீங்கதான்."

அவர் செங்கலைப் பார்த்தார். மூடிய கிளிப்பைப் பார்த்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரில் உட்கார்ந்தார். "ஆஸ்பத்திரியில இருபத்தெட்டு வருஷம் வெள்ளைத் துணிக்கு நடுவுலயே நடந்தேன். எல்லாத்துலயும் யாராவது படுத்திருப்பாங்க. இது சும்மா இருக்கு. உள்ள வந்து நின்னா என்னை யாரும் பார்க்க முடியாது, நானும் யாரையும் பார்க்க வேண்டாம்" என்றார்.

"எப்பலேர்ந்து வரீங்க?"

"வந்த வருஷத்துலேர்ந்து. மதியம் நீ முக்காலியில உட்கார்ந்ததும் கிளம்பிடுவேன். உன் முதுகுக்குப் பின்னாலதான் போவேன். ஒரு நாள் சொம்புகூட கீழ விழுந்துது. நீ திரும்பல."

அரைத்தூக்கத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாத்தனார் சிரிக்கவில்லை. கையிலிருந்த சீப்பைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "இன்னொண்ணும் இருக்கு. அன்னைக்கு முப்பத்தாறும் நனைஞ்சுதே, அப்போ நான் இங்கதான் இருந்தேன். முதல் துளி விழுந்ததும் ஓடிவந்து ரூம் கதவைச் சாத்திக்கிட்டேன். உன்கிட்ட மழைன்னு சொன்னா, உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பியேன்னு."

இவள் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. மேலாளர் கத்தாமல் சொன்ன வார்த்தை காதில் கேட்டது. கிளிப்பின் வாயைத் திறந்து, துடைத்து, இடுப்பில் முடிந்திருந்த பட்டையிலிருந்து புது மாத்திரை ஒன்றை வைத்துவிட்டு இறங்கிப்போனாள்.

இரண்டு நாள் அவள் நாத்தனாரோடு பேசவில்லை. வழக்கமாகப் பேசாத வீட்டில் அது வித்தியாசமாகத் தெரியாது என்றுதான் நினைத்தாள். ஆனால் தெரிந்தது. டிரைவரே கேட்டார்: "என்ன, வீடு ரொம்ப அமைதியா இருக்கு?" முக்காலியில் உட்கார்ந்தாலும் அவளால் எங்கும் போக முடியவில்லை. பின்னால் யாராவது நடக்கிறார்களா என்று காது கேட்டுக்கொண்டே இருந்தது. யாரும் நடக்கவில்லை. நாத்தனாரின் அறைக் கதவு மூடியே இருந்தது.

மூன்றாம் நாள் அவள் விடுதிக்கு வந்திருந்த நேரம் மேகம் கூடிவிட்டது. பாதி வழியில் தூறல் பிடித்துக்கொள்ள, ஓட்டமாக ஓடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் கால் வைக்க இடமில்லை. நாற்காலி, கட்டில், மேசை எல்லாவற்றின் மேலும் காய்ந்த விரிப்புகள். நாத்தனார் கடைசிக் குவியலை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருந்தார். மேல்மூச்சு வாங்கியது.

"நாப்பத்திரண்டு" என்றார். "எண்ணிட்டேன். அந்தக் கழுதையை முதல்ல நிறுத்து, காது போகுது."

அவள் ஹாரனின் ஒயரைப் பிடுங்கினாள். மழைச் சத்தம் மட்டும் இருந்தது. இரண்டு பேரும் தரையில் எதிரெதிராக உட்கார்ந்து, ஒரே விரிப்பின் நாலு முனைகளையும் ஆளுக்கு இரண்டாகப் பிடித்து மடிக்க ஆரம்பித்தார்கள். நாலாவது விரிப்பில் அவள் கேட்டாள்: "அன்னைக்குப் பாடினீங்களே, அது என்ன பாட்டு?"

"பாட்டெல்லாம் இல்ல. வாயில வர்றதுதான்."

அதற்கப்புறம் நாத்தனாருக்காக ஒன்று செய்து கொடுத்தாள். எனக்குப் பிடித்த வேலை அதுதான். இரண்டு அட்டைத் துண்டுகளில் உட்பக்கமாக அலுமினியத் தாளை ஒட்டி, நடுவே பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் வட்டமாக ஓட்டை போட்டு வைத்துத் தைத்தாள். மிதித்தால் பஞ்சு அமுங்கி, ஓட்டை வழியாகத் தாளும் தாளும் முத்தமிடும். அதை மூன்றாவது படியில் கால்மிதிக்கு அடியில் வைத்தாள். மாடியில், தண்ணீர்த் தொட்டியின் மறைவில் டார்ச் பல்பு. யாராவது படியேறினால் மேலே ஒரு கண் சிமிட்டும். பாட்டை நிறுத்தவும் கொண்டையை முடியவும் பதினொரு படி நேரம் கிடைக்கும்.

டிரைவர் லீவு நாட்களில் மாடிக்குப் போவார். எப்போது போனாலும் மனைவியும் அக்காவும் எதிரெதிராக நின்று ஒரு விரிப்பை மும்முரமாக மடித்துக்கொண்டிருப்பார்கள். "அக்காவுக்கு இந்த வயசுல எவ்வளவு பொறுப்பு பாருங்க. எப்பப் போனாலும் வேலைதான்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். நான் ஆமாம் ஆமாம் என்றேன்.

இரண்டு வருஷம் கழித்து விடுதியில் துவைத்து உலர்த்தும் பெரிய இயந்திரங்கள் வாங்கினார்கள். வேலை போய்விடும் என்று அவள் பயந்தாள். மேலாளரோ அவளைத் துணி அறைக்கே எடுத்துக்கொண்டார். இப்போது விரிப்புகளை மடித்து அடுக்குவதோடு, கட்டில் ஓர விளக்குகள் எரியாவிட்டாலும் அவளிடம்தான் கொண்டுபோகிறார்கள். சுவர் மின்சாரம் வேறு ஜாதி என்பது அவளுக்குத் தெரியும். எங்கள் எலெக்ட்ரீஷியனிடம் ஆறு மாதம் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்ட பிறகுதான் அதைத் தொட்டாள். அரைத்தூக்கம் என்றுதான் இன்னும் கூப்பிடுகிறோம். மூன்றாவது தடவைக்குத்தான் இன்னும் திரும்புகிறாள்.

போன மாதம் ஒரு விடுமுறை நாளில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கதவு திறந்தே இருந்தது. சமையலறை மேசையில் நாலு எலுமிச்சம்பழங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் துத்தநாகப் பூச்சு ஆணி, மறு பக்கம் செம்புக் கம்பி. பழத்துக்குப் பழம் ஒயர் தாவியிருந்தது. கடைசியில், ஏதோ பொம்மையிலிருந்து பிடுங்கிய சிவப்பு எல்.இ.டி. நாத்தனார் ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணியைச் செருகி அறையை இருட்டாக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு மூச்சுவிடவும் பயம்.

"வாங்க, சத்தம் போடாதீங்க" என்றார் என்னிடம், ஏதோ குழந்தை தூங்குகிற மாதிரி.

கடைசி ஒயரைச் சேர்த்தாள். முதலில் ஒன்றுமில்லை. கண் இருட்டுக்குப் பழகப் பழக, மேசையின் நடுவில் ஒரு சின்னச் சிவப்பு தெரிந்தது. மாதுளை முத்தின் அளவுகூட இல்லை.

"இது எதுக்கு?" என்று மெதுவாகக் கேட்டேன். மழைக்கா, கதவுக்கா, விடுதிக்கா என்று என் புத்தி போயிற்று.

"எதுக்கும் இல்ல" என்றாள் அரைத்தூக்கம். "சும்மா. எவ்வளவு நேரம் எரியுதுன்னு பார்க்கலாம்னு."

நாத்தனார் முக்காலியை எனக்குத் தள்ளிவிட்டார். அவர்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். அறையில் எலுமிச்சை வாசனை. வெளியே தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டிப்போனது. சிவப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.